மதினியின் கார்டும் என் கைப்பஞ்சும்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட மூன்று படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். முதலாவது ஆண்டாள் ரெங்கமன்னார். இரண்டாவது அண்ணனும் மதினியும் கல்யாண மாலையோடு விறைப்பாக நிற்பது. மூன்றாவது சட்டத்துக்குள் சாமியும் இல்லை, மனிதரும் இல்லை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரித்த அளவில் பச்சை நிற எலக்ட்ரானிக் கார்டு ஒன்று இருக்கிறது. அதன் கீழ் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டிய ஒரு பஞ்சுப் பிசிறு, நகக்கண் அளவுகூட இருக்காது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதல் படத்தைக் கும்பிடுவார்கள், இரண்டாவதைப் பார்த்துச் சிரிப்பார்கள், மூன்றாவதிடம் வந்ததும் நின்றுவிடுவார்கள். "இது என்னம்மா?" என்று கேட்டால் மதினி அடுப்படியில் இருந்தபடியே பதில் சொல்லுவார்: "அந்தப் பச்சை, டர்பைனோட மூளை. அந்தப் பிசிறு, எங்க கொழுந்தனாரோட மூளை." பல வருடங்களாக இதே பதில்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாலும் ஓர் எழுத்தும் மாறாது.

இந்தப் பெருமை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டுமானால் டர்பைனில் இருந்துதான் தொடங்க வேண்டும். நான் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பவர்ஹவுசில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக். எங்கள் ஆலை தனக்கு வேண்டிய கரண்டில் பெரும்பங்கைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பாய்லரில் நீராவி கிளம்பும், அது டர்பைனைச் சுற்றும், டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்றும். சுற்றுவது பெரிய வித்தை இல்லை. கூடாமலும் குறையாமலும் ஒரே வேகத்தில் சுற்றுவதுதான் வித்தை. அதைப் பார்த்துக்கொள்ள பீரோ மாதிரி ஒரு கண்ட்ரோல் பேனல் உண்டு. கதவைத் திறந்தால் அலமாரியில் புத்தகம் அடுக்கியதுபோல் கார்டுகள் நெட்டுக்குத்தலாக நிற்கும். அதில் ஒன்று வேகக் கார்டு. டர்பைன் தண்டில் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்கும்போது ஒரு துடிப்பு வரும். அந்தத் துடிப்புகளைப் பார்த்து, இப்போது வேகம் இவ்வளவு என்று மற்றக் கார்டுகளுக்குச் சொல்வது இதன் வேலை. துடிப்பு வராமல் போனால் பேனல் யாரையும் கேட்காது, நீராவியை அடைத்து டர்பைனை நிறுத்திவிடும். வேகம் தெரியாமல் ஓடுகிற டர்பைன், பிரேக் இல்லாத லாரியைவிட மோசம்.

அந்த வேகக் கார்டுக்கு வயதாகிவிட்டது. பேனலைச் செய்த கம்பெனிக்காரர்கள், இந்த வகைக் கார்டை நாங்கள் செய்வதையே விட்டுவிட்டோம், பேனலையே மாற்றிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகக் கைகழுவிவிட்டார்கள். எங்களிடம் மிச்சம் இருந்தது இரண்டு. ஒன்று ஸ்டோரில் செத்துக் கிடந்தது. மற்றது பேனலுக்குள் உயிரை விடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏற அதற்குத் தலை சுற்றும். டர்பைன் ஒழுங்காக ஓடும்போதே, ஓடவில்லை என்று சொல்லிவிடும். அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம், பேனல் கதவைத் திறந்து வைத்து எதிரே ஒரு டேபிள் ஃபேனை ஓடவிடுவது. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை டர்பைன் ஸ்பெஷலிஸ்ட்" என்று எங்கள் அம்மா சொல்லியிருந்தார். ஸ்பெஷலிஸ்டின் வேலை ஃபேனை இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி வைப்பது.

வைத்தியம் பலிக்காத நாளில் டர்பைன் நின்றுவிடும். ஆலை இருட்டாகும். ஸ்பின்னிங்கில் ஓடிக்கொண்டிருந்த நூலெல்லாம் அறுந்து தொங்கும். அதை ஒவ்வொன்றாக முடிந்து மறுபடி ஓட்டுவது அங்கே வேலை பார்க்கும் பெண்களின் தலையில் விழும். அவர்களில் ஒரு அக்கா நேரே பவர்ஹவுஸ் வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நிற்பார். "என்ன தம்பி, ஒங்க மிஷினு மறுபடியும் படுத்துருச்சா? நாங்க வேணா வந்து செத்த நேரம் தாலாட்டவா?" அவரிடம் பதில் பேசித் தப்பித்தவர்கள் எங்கள் ஆலையில் இல்லை. நான் ஃபேனைத் திருப்புவதுபோல் பாவனை செய்வேன்.

ஒருநாள் பழைய இரும்பு வாங்குகிற ஒருவர் வந்து டர்பைனைச் சுற்றிப் பார்த்தார். தர்ப்பூசணியைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரல் முட்டியால் தட்டினார். எங்கள் பவர்ஹவுஸ் மேனேஜர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். புதுப் பேனல் வருவதற்கு எவ்வளவு காலமோ, அதற்குள் இது எத்தனை தடவை படுக்குமோ, மொத்தமாக எடுத்துவிட்டு வெளிக் கரண்டையே வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என்ன, அந்த நியாயத்தில் பவர்ஹவுசுக்காரர்களுக்கு இடம் இல்லை. ஆளுக்கொரு பிரிவு ஒதுக்கியாகிவிட்டது என்று கேன்டீனில் பேச்சு அடிபட்டது. எனக்கு, ஆலையோடு சேர்ந்த பேண்டேஜ் துணி மடிக்கிற பிரிவாம். பாய்லரைப் பார்த்துக்கொள்கிற என் கூட்டாளி ஆறுதல் சொன்னான்: "விடுலே மாப்ள, ஒன் கைக்கு அதாம்லே பொருத்தம். ஃபேனப் புடிச்ச கை துணியப் புடிக்காதா?"

அன்றைக்குத்தான் எனக்கு மதினியின் நினைப்பு வந்தது.

மதினி வத்திராயிருப்புப் பக்கம் பிறந்தவர். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் மில் மிஷின்களின் கார்டுகளைச் சரிசெய்கிற ஒரு கடையில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி வந்ததும் வீட்டின் பின்னறையை வொர்க்‌ஷாப் ஆக்கிக்கொண்டார். அண்ணனுக்கு வ. புதுப்பட்டியில் உரக்கடை. முன்னறையில் உர மூட்டை, பின்னறையில் சால்டர் புகை. மூக்கை வைத்தே வீட்டில் எந்த அறையில் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். சுற்றுவட்டார ஆலைகளில் இருந்து கெட்டுப்போன கார்டுகள் சாக்குப்பையில் கட்டி மதினிக்கு வரும், பிழைத்துத் திரும்பிப் போகும். எல்லா ஆலையிலும் அவருக்கு 'ரிப்பேர் அக்கா' என்று பேர். அது மரியாதைதான். ஆனால் மதினிக்கு அதில் ஒரு குறை இருந்தது என்பது எனக்கு அந்த நேரம்தான் தெரிந்தது. இந்தக் கார்டைச் சரிபண்ணித் தர முடியுமா என்று நான் கேட்டபோது, ஸ்டோரில் இருந்து கொண்டுபோன செத்த கார்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இதுல உள்ள பார்ட்டு ஒண்ணும் இனிமே கடையில கெடைக்காது கொழுந்தனாரே. ரிப்பேர் பண்ணுனா நாளைக்கே மறுபடியும் படுக்கும். புதுசா ஒண்ணு செய்வோம். அதே நீளம், அதே அகலம், பேனல்ல சொருகுத அதே பல்லு. உள்ள இருக்க சாமான் மட்டும் இப்பத்தது. ஆளு மாறுனது அந்தப் பேனலுக்கே தெரியக் கூடாது."

"செஞ்சிருக்கீங்களா மதினி, இதுக்கு முன்ன?"

"இல்ல. அடுத்தவன் செஞ்சதுக்கு ஒட்டுப்போட்டே காலம் போகுது. ஒண்ணாவது நாமளா செய்யணும்லா."

மேனேஜரிடம் சொன்னேன். "யாரு செய்யப்போறா?" என்றார். "எங்க மதினி." அவர் என்னைப் பார்த்த பார்வையில், டர்பைனுக்கு எங்கள் மதினி ஊறுகாய் போடப்போவதாக நான் சொல்லிவிட்டதுபோல் இருந்தது. ஆனால் விஷயம் முதலாளி காதுக்குப் போனது. முதலாளி இராஜபாளையத்து ராஜு, வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். தாத்தா காலம் தொட்டுப் பஞ்சுத் தொழில். மதினியை வரச்சொன்னார், கார்டை மேசையில் வைத்துக் கேள்வி கேட்டார். மதினி சொன்ன பதிலில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது, ஆனால் மதினி தடுமாறவில்லை என்பது புரிந்திருக்கும். "ஒரு தடவ ஓட்டிப் பாப்போம்மா," என்றார். "ஓடுனா ஒனக்கு இந்தப் பேனல் பூரா தாரேன். நின்னா இரும்புக்காரருக்கு போன் போட்ருவேன். என்னயத் தப்பா நெனைக்கக் கூடாது." வெளியே வந்ததும் மதினி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இது படுத்துச்சுன்னா ஒங்களுக்கு மடிக்கிறதுக்கு பேண்டேஜ் துணியாவது இருக்கு. எனக்கு இந்தப் பக்கம் ஒரு மில்லும் ஒட்டுப்போடக்கூட கார்டு குடுக்காது."

அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுக் கூடத்தில் யாரும் கால் வைக்க முடியவில்லை. பழைய கார்டில் இருந்த சில முக்கியமான சில்லுகளின் பேரை அதைச் செய்தவர்களே சுரண்டி எடுத்திருந்தார்கள், யாரும் பார்த்துச் செய்துவிடக் கூடாது என்று. பேர் தெரியாத சில்லை அதன் நடத்தையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மதினி மீட்டரை வைத்து ஒவ்வொரு செம்புத் தடத்தையும் தொட்டுத் தொட்டு, எது எதோடு சேருகிறது என்று சார்ட் பேப்பரில் வரைந்தார். ஒரு பேப்பர் போதவில்லை. தரை முழுக்கப் பேப்பர். அண்ணன் ஓரமாகச் சுவரை ஒட்டிக் கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல் சுற்றித்தான் சோற்றுக்குப் போவார். "எம்புட்டு நாளைக்கு இப்பிடி நடக்கணும்?" என்று கேட்டதற்கு, "நீங்க வீட்டுல நடந்தாப் போதும், அவிய மில்லுல டர்பைன் ஓடணும்," என்று பதில் வந்தது. மில்லில் இருப்பது நான் ஒருவன்தான். அந்த 'அவிய' என்ற மரியாதை எனக்குத்தான் என்று நினைத்து அன்றைக்கு நான் கூடுதலாக ஒரு தோசை தின்றேன்.

செய்ததைச் சோதித்துப் பார்க்க வீட்டில் டர்பைன் வேண்டுமே. மதினி தன் தையல் மிஷின் மோட்டாரைக் கழற்றி, லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய ஒரு பல்சக்கரத்தை அதில் மாட்டினார். காலால் பெடலை மிதித்தால் வேகம் கூடும், விட்டால் குறையும். ஒரு பக்கம் கார்டு, ஒரு பக்கம் மீட்டர், கால் பெடலில், கண் மீட்டரில். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு ஜாக்கெட் துணி இருக்கிறது, இதோடு சேர்த்து அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். முதலில் செய்த கார்டு பெடலை வேகமாக மிதித்ததும் உளறியது. அடுத்தது உளறவில்லை. ஆனால் சூட்டில் என்ன செய்யும் என்று தெரியவில்லை. அதனால் மதினி அதைப் பங்குனி வெயிலில் மொட்டைமாடியில் வைத்து, வற்றலுக்குக் காவல் இருப்பதுபோல் குடை பிடித்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். அதற்கும் அது அசரவில்லை. அதற்கு எதிரே ஃபேன் வைக்க வேண்டியிருக்கவில்லை என்று அவர் சொன்னபோது எனக்கு வேலை போய்விட்ட மாதிரி லேசான வருத்தம்கூட வந்தது.

ஓட்டிப் பார்க்கிற நாள் ஆலைக்கு வார விடுமுறை. மதினி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து டவுன் பஸ்ஸில் மடியில் ஒரு எவர்சில்வர் சம்படத்தோடு வந்து இறங்கினார். பலகாரம் என்று நினைத்து நான் ஆசையாக வாங்கித் திறந்தேன். உள்ளே கருப்பு ஸ்பாஞ்சில் புதுக் கார்டு படுத்திருந்தது. நம் உடம்பில் இருந்தோ துணியில் இருந்தோ பாய்கிற கண்ணுக்குத் தெரியாத சின்ன மின்சாரம்கூடச் சில்லைக் கொன்றுவிடும், சுற்றிலும் உலோகம் இருந்தால் பயமில்லை, அதனால்தான் சம்படம் என்றார். அவ்வளவு ஜாக்கிரதை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர் முறுக்கா என்று கேட்டாராம். மதினி, இன்னும் வேகவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

கார்டைப் பேனலில் போடுகிற உரிமை எனக்கு வேண்டும் என்று நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன். எத்தனை வருடம் அந்தப் பேனலுக்கு விசிறிவிட்டவன், இது என் கையால்தான் நடக்க வேண்டும் என்று ஓர் ஆசை. மதினி மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் கார்டைக் கையில் எடுத்தேன். அதன் கீழ் விளிம்பில் தங்க முலாம் பூசிய பற்கள் வரிசையாக மின்னின. அவைதான் பேனலின் பொந்துக்குள் போய்க் கவ்வுகிற இடம். கல்யாணப் பெண்ணின் பல் மாதிரி அவ்வளவு அழகு. அந்த அழகில் என் விரல் ரேகை ஒன்று விழுந்திருப்பதுபோல் பட்டது. அதைத் துடைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அன்பாகத் துடைத்தேன். நாலு பேர் பார்க்கட்டும் என்று கொஞ்சம் மெதுவாகவே துடைத்தேன். பிறகு கார்டைப் பொந்தில் சொருகி, கதவைச் சாத்தி, பேனலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

டர்பைன் கிளம்பியது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேனலுக்கு எதிரே நின்றார். வேகம் மெல்ல ஏறியது. புதுக் கார்டு சொன்ன வேகமும், தண்டில் நேராகப் பிடித்துப் பார்த்த மீட்டர் சொன்ன வேகமும் ஒன்றாகவே இருந்தன. மதினியின் கண் இமைக்கவில்லை. எந்த டர்பைனும் முழு வேகத்துக்குப் போகிற வழியில் ஓர் இடத்தில் கொஞ்சம் அதிரும், அதைத் தாண்டிவிட்டால் அடங்கிவிடும். எங்களுடையதும் அந்த இடத்துக்கு வந்தது, தரை லேசாக அதிர்ந்தது, பேனல் கதவு கிறுகிறுத்தது. அந்த நொடியில் வேகம் காட்டிய முள் சடாரென்று பூஜ்யத்தில் விழுந்தது. நீராவி அடைபட்டது. டர்பைன் பெருமூச்சு விட்டுக்கொண்டு மெதுவாக இறங்கியது.

மேனேஜர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்பவே சொன்னேன்," என்றார். கோபமாகக்கூட இல்லை, சலிப்பாகச் சொன்னார். முதலாளி சட்டைப்பையில் போனைத் தேடினார். நான் மதினியின் முகத்தைப் பார்க்கப் பயந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மதினியின் குரல்தான் கேட்டது. "போன் செத்த நேரம் பொறவு போடுங்கய்யா. என் கார்ட நான் ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

மணிக்கட்டில் எர்த் வயரைக் கட்டிக்கொண்டு கார்டை வெளியே எடுத்தார். கடிகாரம் பழுதுபார்க்கிறவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்கிற பூதக்கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு சால்டரையும் பார்த்தார். பையில் இருந்து சின்ன டெஸ்டரை எடுத்துக் கார்டுக்குத் துடிப்புக் கொடுத்துப் பார்த்தார். கார்டு சரியாகப் பதில் சொன்னது. அதைத் திரும்பச் சம்படத்தில் படுக்கவைத்துவிட்டு, டார்ச்சைப் பேனலின் பொந்துக்குள் அடித்தார். சன்னமான இடுக்கி ஒன்றை உள்ளே விட்டு எதையோ பிடித்து மெதுவாக வெளியே இழுத்தார். இடுக்கியின் முனையில் வெள்ளையாக, காற்றில் ஆடிக்கொண்டு ஒரு பஞ்சுப் பிசிறு.

"கொழுந்தனாரே, கார்டத் தொடச்சீங்களா?"

"லேசா."

"எதால?"

என் சட்டைப்பையே பதில் சொன்னது. அங்கே இருந்த எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். எங்கள் ஆலையில் வேலை பார்க்கிற எல்லோர் பையிலும் இருப்பதுபோல் என் பையிலும் ஒரு கைப்பிடிப் பஞ்சு பிதுங்கிக்கொண்டு நின்றது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்களுக்குக் கை கழுவினால் பஞ்சு, மூக்குக்கண்ணாடி துடைக்கப் பஞ்சு, டீ கிளாஸ் துடைக்கப் பஞ்சு, வியர்த்தால் பஞ்சு. எண்ணெய் அழுக்கு, தூசி அழுக்கு, துரு அழுக்கு. பஞ்சு அழுக்கு என்று எங்கள் ஊரில் பிறந்த ஒருவனுக்கும் தோன்றாது. அது எங்களுக்குச் சோறு. அந்தச் சோற்றில் ஒரு பருக்கை, தங்கப் பல்லுக்கும் பொந்துக்கும் நடுவே போய் உட்கார்ந்துவிட்டது. டர்பைன் அதிர்ந்ததும் பல் கவ்வலை விட்டுவிட்டது. துடிப்பு போகவில்லை. பேனல் தன் கடமையைச் செய்துவிட்டது. ஜாக்கெட் துணியோடு வந்த பக்கத்து வீட்டு அம்மாகூடச் செய்யாத காரியத்தை டர்பைன் ஸ்பெஷலிஸ்டான நான் செய்திருந்தேன்.

அடுத்து நடந்ததை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். முதலாளி கையை நீட்டி அந்தப் பிசிறை இடுக்கியில் இருந்து வாங்கினார். ஏச்சு இப்போது வரும் என்று நான் கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவருடைய விரல்கள் அவரைக் கேட்காமல் அவர் தாத்தாவின் வேலையைச் செய்ய ஆரம்பித்தன. பிசிறை இரண்டு கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, மெல்ல இழுத்தார், சேர்த்தார், மறுபடி இழுத்தார். இழைகளை நேராக்கி, கருப்புப் பேனல் கதவின்மேல் வைத்து நீளம் பார்த்தார். பேல் பேலாகப் பஞ்சு வந்து இறங்குகிற நாட்களில் கொள்முதல் கிடங்கில் அவர் நிற்கிற நிலை அதுதான். தனக்குள் "மன பத்தி," என்றார் தெலுங்கில். நம்ம பஞ்சு. பிறகு தலையை நிமிர்த்தித் தமிழில் சொன்னார்: "நீளம் நல்லாத்தான இருக்கு."

மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாய்லர் கூட்டாளி வெளியே ஓடிப்போய்ச் சிரித்தான், உள்ளே கேட்டது. முதலாளி எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கொஞ்சம் தாமதமாகப் புரிந்துகொண்டு தானும் சிரித்தார். "நம்ம பஞ்சு நம்ம டர்பைன நிறுத்துனா, அதுக்கு அந்தப் புள்ள செஞ்ச கார்டு என்ன செய்யும்?" என்றார். "மறுபடியும் ஓட்டுங்க."

மதினி முதலாளியிடம் இருந்து பிசிறை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, பொந்தை முழுக்கச் சுத்தம் செய்தார். கார்டின் பற்களை ஸ்பிரிட்டில் நனைத்த ஏதோ ஒரு வழவழப்பான துணியால் ஒற்றியெடுத்தார். பஞ்சில்லாத துணி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு அவர் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. கார்டை என்னிடம் நீட்டினார்.

"மதினி, வேண்டாம். நீங்களே போட்ருங்க."

"நீங்களே போடுங்க. பஞ்சப் பாத்துப் பயப்படுத ஆளு இன்னைக்கு இந்த ஊருலயே நீங்க ஒருத்தர்தான். அதவிட எனக்கு என்ன காவல் வேணும்? ஆனா முதல்ல கையக் காட்டுங்க."

இரண்டு கையையும் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினேன். சட்டைப்பைப் பஞ்சை எடுத்துத் தூரப் போட்டேன். எல்லோர் முன்னாலும் ஒரு தடவை பையை வெளியே இழுத்தும் காட்டினேன். கார்டு பொந்தில் போய் உட்கார்ந்தது. டர்பைன் கிளம்பியது, அதிர்கிற இடத்துக்கு வந்தது, அதிர்ந்தது, தாண்டியது. முழு வேகத்துக்கு வந்து நிதானமாகப் பாடியது. அத்தோடு முடிந்துவிட்டது என்று நான் கைதட்டப் போனேன். மதினி தடுத்தார். இனித்தான் பரீட்சை என்றார். வேகத்தை வேண்டுமென்றே ஏற்றச் சொன்னார். ஏறியது. எந்த எல்லையில் கார்டு 'போதும்' என்று சொல்ல வேண்டுமோ அந்த எல்லையைத் தொட்டதும், டர்பைன் தானாக நின்றது. காலையில் நின்றபோது தலைகுனிந்தவர்கள் எல்லோரும் இப்போது நின்றதற்குக் கைதட்டினோம். நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதுதான் அந்தக் கார்டுக்குக் கடைசிப் பாடம் என்று மேனேஜர் முதலாளிக்கு விளக்கினார். இப்போது அவர் குரலில் அந்தக் கார்டே அவர் யோசனைதான் என்பதுபோல் ஒரு தோரணை வந்திருந்தது. போகட்டும், அவருக்கும் பங்கு உண்டு.

டர்பைனை மறுபடி ஓடவிட்டார்கள். மதினிக்கு டீ வந்தது. அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார். ஓடிக்கொண்டிருந்த டர்பைனைப் பார்த்தபடி, யாரிடமும் சொல்லாததுபோல் சொன்னார்: "ஒட்டுப்போட்டது இல்ல." அவ்வளவுதான் சொன்னார். அத்தனை வருடம் சாக்குப்பையில் வந்து போன மற்றவர்களின் கார்டுகள் அத்தனையும் அந்த இரண்டு வார்த்தைக்குள் இருந்தன. எங்கள் குடும்பத்தில் எனக்குத் தெரிந்து பெருமைப்பட்டுக்கொள்ள எத்தனையோ நடந்திருக்கிறது. அன்றைக்கு வந்ததுபோல் ஒரு பெருமை எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. அந்தப் பெருமையில் பஞ்சை எடுத்து மூக்கைத் துடைக்கலாம் என்று பையில் கைவிட்டேன். நல்லவேளை, பை காலியாக இருந்தது.

முதலாளி சொன்ன சொல் மாறவில்லை. இரும்புக்காரர் அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வரவில்லை. டேபிள் ஃபேன் இப்போது கேன்டீனில் இருக்கிறது. டர்பைன் நிற்கிற ஓய்வு நாட்களில் ஒவ்வொன்றாக, வால்வை இயக்குகிற கார்டு, மின்சாரம் கொடுக்கிற கார்டு என்று பேனலின் பழைய கார்டுகளுக்குப் பதிலாக மதினியின் கார்டுகள் போய் உட்கார்ந்தன. பின்னறை போதாமல் மதினி சாலையோரம் பெரிய இடம் பிடித்தார். வத்திராயிருப்புப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பலர் அங்கே வேலை பார்க்கிறார்கள். சர்க்கரை ஆலைக்கு, காகித ஆலைக்கு என்று எங்கெங்கோ கார்டுகள் போகின்றன, பழைய டர்பைன்கள் புது மூளையோடு சுற்றுகின்றன. எவ்வளவு பெரிய ஆளானாலும் எங்கள் ஆலைக்கு ஒரு கார்டு மாற்ற வேண்டும் என்றால் அவரே வருவார், என்னையே போடச் சொல்வார். போடுவதற்கு முன் "கையக் காட்டுங்க கொழுந்தனாரே," என்பார். நான் மந்திரவாதி மாதிரி முன்னும் பின்னும் காட்டுவேன். புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர்கள் இது ஏதோ கம்பெனி விதி என்று நினைத்துத் தாங்களும் கையைக் காட்டிவிட்டுத்தான் பேனலைத் தொடுகிறார்கள்.

சமீபத்தில் பேனலின் கடைசிப் பழைய கார்டையும் மாற்றினோம். மதினி சம்படத்தைத் திறந்து கார்டை எடுத்து நேராக என் கையில் கொடுத்துவிட்டார். கையைக் காட்டச் சொல்லவில்லை. மறந்துவிட்டாரோ என்று நானே இரண்டு கையையும் நீட்டினேன்.

"வேண்டாம். கார்டப் பாருங்க."

தங்கப் பற்களுக்கு மேலே, வெள்ளை மசியில் பொடி எழுத்துகளுக்கு நடுவே ஒரு சின்னப் படம் அச்சாகியிருந்தது. வெடித்த பருத்திக்காய் ஒன்று, அதன் குறுக்கே ஒரு கோடு.

"ஒங்கள நம்பிட்டேன்னு நெனச்சுராதீங்க," என்றார் மதினி. "இனிமே கார்டே சொல்லிக்கிடும். எங்ககிட்டருந்து போற எல்லாக் கார்டுலயும் இத அடிச்சாச்சு. வடக்க ஒரு ஆலையில இருந்து போன் பண்ணி, இது என்ன கம்பெனி முத்திரையான்னு கேக்காங்க. ஆமான்னு சொல்லிட்டேன்." எத்தனையோ பேருக்குச் சிலை வைக்கிறார்கள், தெருவுக்குப் பேர் வைக்கிறார்கள். நான் செய்த காரியம் இன்ன ஊர் என்று தெரியாத ஊர்களின் டர்பைன்களுக்குள் எல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மதினியிடம் கார்டு செய்யச் சொல்லி வந்த வெளியூர் ஆலைக்காரர் ஒருவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல முதல் படத்தைக் கும்பிட்டார், இரண்டாவதைப் பார்த்துச் சிரித்தார், மூன்றாவதிடம் நின்றார். அடுப்படியில் இருந்து மூளை பற்றிய அந்தப் பதில் வந்தது. நான் காப்பியை உறிஞ்சினேன். அவர் சட்டத்தை நெருங்கிப் பார்த்துவிட்டு, "இது பழைய கார்டுல்லா? மேடம் மொதமொதல்ல செஞ்ச கார்டு எங்க? அதத்தான இங்க மாட்டணும்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. பதில் சொல்கிற முறை என்னுடையது என்று தோன்றியது. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அத மாட்ட முடியாதுங்க," என்றேன். "அது வேலைக்குப் போயிருக்கு."